கஞ்சா, வறண்ட வாய், ஒரு டப்பா பனங்கற்கண்டு

கேள்வி:

வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு 27 வயது. சென்னையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். நாலு வருஷமாகக் கஞ்சா புகைக்கிறேன். முதலில் சனி, ஞாயிறு மட்டும் இருந்தது. இப்போது கிட்டத்தட்ட தினமும் ராத்திரி, தூங்கப் போகும் முன். புகைத்த கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் பஞ்சை அடைத்தது போல ஆகிவிடுகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால் ஐந்து நிமிஷம் தாங்கும், மறுபடியும் அதே கதை. ஊருக்குப் போனபோது தொண்டை வறட்சி என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஒரு டப்பா நிறையப் பனங்கற்கண்டு கொடுத்தனுப்பினார். இப்போதெல்லாம் அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

ஆறு மாதமாக மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. ஒரு பல்லில் அது பழுப்பாகி, போன மாதம் ஓரம் உடைந்தும் விட்டது. பல் டாக்டரிடம் போனேன். "ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா, கூல் டிரிங்ஸ் நிறையக் குடிப்பீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கஞ்சாவைப் பற்றிச் சொல்லப் பயமாக இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இந்த வறட்சி அதனால் இருக்குமோ? இது நிரந்தரமாக இப்படியே இருந்துவிடுமா? மருந்து ஏதாவது உண்டா? புகைக்காமல், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் மாதிரிச் சாப்பிட்டால் வாய் காயாது என்று நண்பர் சொல்கிறார், உண்மையா? டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போகுமா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் எனக்கு எழுதியதில் பாதியை உங்கள் பல் டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு ஐந்து நிமிஷத்தில் விஷயம் புரிந்திருக்கும். அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். உங்கள் வயதில், ஈறை ஒட்டி, ஆறே மாதத்தில், முன்பற்களில் சொத்தை வருகிறது என்றால் வாயில் எச்சில் குறைந்திருக்க வேண்டும், அல்லது இனிப்பு நெடுநேரம் தங்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் நடக்கிறது. ஒன்றைக் கஞ்சா செய்கிறது. இன்னொன்றை அம்மா கொடுத்த டப்பா செய்கிறது. பல்லை உடைத்ததில் டப்பாவின் பங்குதான் அதிகம் என்பது என் கணிப்பு.

பனங்கற்கண்டைக் குற்றம் சொன்னால் நம் வீடுகளில் யாருக்கும் பிடிக்காது. தொண்டைக் கட்டுக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலை நானும் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் அது பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பல்லின் மேல் குடியிருக்கும் கிருமிகளுக்கு அது எந்த மரத்துச் சர்க்கரை என்ற விசாரணையெல்லாம் கிடையாது. பாலில் கரைத்துக் குடித்தால் ஒரு நிமிஷத்தில் வாயைக் கடந்துவிடும். கட்டியாக வாயில் அடக்கினால் கரையக் கரைய, அதுவும் கழுவ எச்சில் இல்லாத வாயில், பல்லிலேயே தங்கும்.

எச்சில் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம். எச்சில் பட்டதைத் தொடக் கூடாது என்று வீட்டில் தனிச் சட்டமே வைத்திருக்கிறோம். எங்கள் தொழிலில் அதற்கு இருக்கும் மரியாதையே வேறு. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதில் 99 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சம் இருக்கும் அந்த ஒரு சதவீதத்தில்தான் வேலையெல்லாம் நடக்கிறது. அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட், பல்லில் கரைந்துபோன இடத்தைத் திரும்ப நிரப்பும் கால்சியமும் பாஸ்பேட்டும், கிருமியைக் கொல்லும் புரதங்கள், நாக்கும் கன்னமும் உரசாமல் வழுக்க வைக்கும் கொழகொழப்பான மியூசின். தண்ணீர் குடித்தால் ஐந்து நிமிஷம்தான் தாங்குகிறது என்கிறீர்களே, காரணம் இதுதான். தண்ணீரில் அந்த ஒரு சதவீதம் இல்லை. குறிப்பாக மியூசின் இல்லை. நனைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறது, வாயின் சுவரில் ஒட்டி நிற்பதில்லை.

சரி, கஞ்சா இதை எப்படிக் குறைக்கிறது? புகையின் சூட்டில் வாய் காய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் குழாயை மூடுவது வேறொன்று. கஞ்சாவில் போதையைத் தரும் பொருள் டிஹெச்சி. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற வேதியியலாளரும் யெஹியேல் கவோனியும் 1964இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அப்புறம்தான் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு செடியின் சரக்கு போய் உட்கார நம் உடம்பில் எதற்கு இடம் வைத்திருக்கிறது? உடம்பே அதைப் போன்ற ஒன்றைத் தயாரிக்கிறதா? 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் அதையும் கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற சொல்லையே எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஆனந்தம்தான், ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அதனால் ஆனந்தம் ஒன்றுமில்லை.

நம் வாயில் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒன்று, கீழ்த்தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. சாப்பிடும்போது கன்னத்துச் சுரப்பி முன்னுக்கு வரும். சாப்பிடாமல் சும்மா இருக்கும் நேரத்தில் வாயை ஈரமாக வைத்திருக்கும் எச்சிலில் பாதிக்கும் மேல் கீழ்த்தாடைச் சுரப்பி தருவது. 'சுரந்துகொண்டே இரு' என்று ஒரு நரம்பு அதற்கு அசெட்டில்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம் சொல்லிக்கொண்டே இருக்கும். டிஹெச்சி போய் உட்காரும் சிபி1 என்ற ஏற்பி அந்த நரம்பு முனையிலேயே இருக்கிறது. அங்கே டிஹெச்சி உட்கார்ந்ததும் நரம்பு அசெட்டில்கோலினை விடுவது குறைகிறது, சுரப்பிக்குக் கட்டளை போய்ச் சேருவதில்லை. சுரப்பி கெட்டுப்போகவில்லை, உடம்பில் தண்ணீரும் தீர்ந்துபோகவில்லை. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது, மோட்டார் சுவிட்சை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் குடம் குடமாகக் குடித்தாலும் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதோடு சரி, வாய் ஊறுவதில்லை. 2006இல் அர்ஜென்டினாவில் எலிகளில் செய்த ஆய்வில், ஆனந்தமைடைக் கீழ்த்தாடைச் சுரப்பிக்குள் நேராகச் செலுத்தியபோதே உமிழ்நீர் குறைந்தது. அங்கே புகையும் இல்லை, சூடும் இல்லை.

இதிலேயே உங்கள் நண்பருக்கான பதிலும் இருக்கிறது. டிஹெச்சி எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தத்தில் கலந்து அதே சுவிட்சைத்தான் தேடிப் போகும். வெளிநாடுகளில் புற்றுநோய் வாந்திக்கும், தண்டுவட நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் டிஹெச்சி சார்ந்த மருந்துகள் உண்டு. மாத்திரையாக விழுங்குவது, வாயில் ஸ்பிரே அடிப்பது. இரண்டின் பக்கவிளைவுப் பட்டியலிலும் வாய் வறட்சி இருக்கிறது. சாப்பிட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. புகைத்தால் சில நிமிஷங்களில் ஏறி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் இறங்கும். சாப்பிட்டால் ஏறவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், இறங்க ஆறு, எட்டு மணி நேரமும் ஆகலாம். அதற்கேற்ப வறட்சியும் நீளும். ஏறவில்லையே என்று இன்னொரு உருண்டை போட்டுவிட்டு அவதிப்படுபவர்கள் ஏராளம்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன். பல வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு காசிக்குப் போயிருந்தோம். அங்கே பாங்குக்கு அரசு உரிமம் பெற்ற கடைகளே இருக்கின்றன. என் மைத்துனர் ஊர் பார்க்கும் உற்சாகத்தில் பாங் கலந்த தண்டாய் என்ற மசாலாப் பால் ஒரு டம்ளர் குடித்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் படித்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "நாக்கைக் காணோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். கங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாகம் தாகம் என்றார். அன்று முழுக்கப் புகை என்ற ஒன்று அவர் வாய்க்குள் போகவே இல்லை.

இப்போது உங்கள் பல்லுக்கு வருகிறேன். கண்ணாடி முன் நின்று ஒரு காரியம் செய்யுங்கள். மேல் உதட்டைத் தூக்கி அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பிறகு கீழ் உதட்டை இறக்கிக் கீழ் முன்பற்களைப் பாருங்கள். அங்கே கோடு இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். கீழ்த்தாடைச் சுரப்பியின் வாய்க்கால் திறக்கும் இடம் கீழ் முன்பற்களுக்கு நேர் பின்னால், நாக்கடியில் இருக்கிறது. மடைக்குப் பக்கத்து வயல் அது, வறட்சியிலும் கொஞ்சம் ஈரம் கிடைத்துவிடும். மேல் முன்பற்களின் வெளிப்பக்கம் கடைமடை. சாதாரண நாளிலேயே எச்சில் அங்கே குறைவாகத்தான் போய்ச் சேரும். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே.

இனிப்புச் சாப்பிட்ட சில நிமிஷங்களில் பல்லின் மேலிருக்கும் கிருமிப் படலம் அமிலம் உண்டாக்குகிறது. அமில அளவைக் காட்டும் பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் நன்றாக ஓடும் வாயில் அது பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கரைந்ததைக் கால்சியம் வந்து திரும்ப அடைத்துவிடும். பகலில் நமக்குத் தெரியாமலே இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. தூங்கும்போதோ எச்சில் இயல்பாகவே ஏறக்குறைய நின்றுவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். அதனால்தான் ராத்திரி பல் தேய்க்கச் சொல்லி நாங்கள் கத்துகிறோம்.

உங்கள் ராத்திரியை இதில் வைத்துப் பாருங்கள். கஞ்சா சுவிட்சை அணைத்தது. தூக்கம் மிச்சம் இருந்த சொட்டையும் நிறுத்தியது. அந்த நேரம் பார்த்து ஒரு சர்க்கரைக் கட்டி வாய்க்குள் போகிறது. அமிலம் உண்டாவதற்கு எல்லா ஏற்பாடும் ஆயிற்று, கழுவ ஆளில்லை. வெறும் வாயோடு தூங்கியிருந்தால் வறட்சி ஒரு தொல்லையாக மட்டும் இருந்திருக்கும், காலையில் எழுந்து தண்ணீர் குடித்தால் சரியாகியிருக்கும். பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடி தூங்கவைக்கும் குழந்தைகளுக்கு இதே மேல் முன்பற்களில், இதே ஈறோரத்தில் சொத்தை விழுவதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். 27 வயதுக்காரரின் வாயில் அதைப் பார்த்தால் என் மண்டையில் முதலில் மணியடிப்பது எச்சில் பிரச்சினைக்குத்தான்.

பனங்கற்கண்டு மட்டும்தானா என்றும் யோசித்துப் பாருங்கள். கஞ்சா பசியைத் தூண்டும், அதிலும் இனிப்பைத் தேட வைக்கும். பன்னிரண்டு மணிக்கு பிரிட்ஜைத் திறந்து மிச்சமிருக்கும் கேக், கிரீம் பிஸ்கட், பாட்டிலில் அரையாக நிற்கும் கோலா என்று கை போகும். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். கோலாவின் பிஎச் 2.5 அளவில் இருக்கும். அதற்குக் கிருமிகூடத் தேவையில்லை, நேரடியாகவே எனாமலைக் கரைக்கும்.

ஒரு வேளை நீங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வளர்ந்தவராக இருந்தால், அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பல்லில் வெள்ளைத் திட்டு சிறுவயதிலிருந்தே இருக்கலாம். அது வேறு. ஆறு மாதத்தில் புதிதாக வந்த கோடு அந்தக் கணக்கில் சேராது.

அப்பாவின் சர்க்கரை நோய் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. சர்க்கரையால் வரும் வறட்சி நேரம் பார்த்து வராது. காலையிலும் இருக்கும், மாலையிலும் இருக்கும், கூடவே அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், சிலருக்கு எடை குறைவு. உங்களுடையது புகைத்ததும் வந்து சில மணி நேரத்தில் போகிறது. எனவே கஞ்சாதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதலாவது 126க்கோ, இரண்டாவது 6.5க்கோ மேலே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். குடும்பத்தில் இருக்கும்போது எப்படியும் பார்க்க வேண்டிய சோதனை. இன்னொன்று, தும்மல், சளி என்று செட்ரிசின் வகை மாத்திரைகளை அடிக்கடி போடுகிறீர்களா? சில மனஅழுத்த மாத்திரைகளும் அப்படித்தான், எச்சிலைக் குறைக்கும். கஞ்சாவோடு சேர்ந்தால் வறட்சி இரட்டிப்பாகும். 'மாத்திரை எடுக்கிறீர்களா' என்று உங்கள் டாக்டர் கேட்டது இதற்காகத்தான்.

நிரந்தரமா என்ற பயத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை சொல்கிறேன். காலையில், முந்தின ராத்திரி புகைக்காமல் இருந்த நாளாகப் பார்த்து, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். இருக்கிற எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, பிறகு ஐந்து நிமிஷம் விழுங்காமல், மெல்லாமல், தலையைக் கொஞ்சம் குனிந்து ஊறுவதை ஒரு சின்ன டம்ளரில் விடுங்கள். மருந்துக் கடையில் ஐந்து மில்லி சிரிஞ்சு வாங்கி ஊசி இல்லாமல் உறிஞ்சி அளந்து பாருங்கள். ஒன்றரை மில்லியோ அதற்கு மேலோ இருந்தால் இயல்பு. அரை மில்லிக்கும் குறைந்தால் நிச்சயமாகக் குறைவு, காரணத்தைத் தேட வேண்டும். புகைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகு இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே ஆர்வம் வரலாம். அளவு வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி, தண்ணீர் இல்லாமல் ஒரு ரஸ்க்கைத் தின்று பாருங்கள். எச்சில் இருக்கிறவருக்கு அது ஒரு காரியமே இல்லை.

காலைச் சோதனை இயல்பாக வந்தால் நிம்மதியாக இருங்கள். சுரப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, கஞ்சா இறங்கியதும் சுவிட்ச் திரும்பப் போடப்படுகிறது என்று அர்த்தம். பழக்கத்தை நிறுத்தினால் இந்த வறட்சி போய்விடும். கரைந்து குழியாகிப்போன எனாமல் மட்டும் திரும்ப வளராது. வெள்ளைக் கோடாக இருக்கும் வரை காப்பாற்றலாம். பழுப்பாகி உடைந்ததற்கு அடைப்புதான் வழி.

மருந்து கேட்டீர்கள். டிஹெச்சி உடம்பில் இருக்கும்போதே சுவிட்சைத் திரும்பப் போட்டு வைக்கும் மாத்திரையை நான் எழுதித் தர மாட்டேன். உமிழ்நீரைச் சுரக்க வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. தலை, கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், சுரப்பியே அழிந்துபோகும் நோய் உள்ளவர்களுக்கும் கொடுப்பவை. வியர்வை, வயிற்றுப்போக்கு என்று அவற்றின் தொல்லை தனி. தானாக இறங்கிவிடும் வறட்சிக்கு அது தேவையில்லாத வேலை.

அந்தச் சில மணி நேரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். சைலிட்டால் போட்டதாகக் கிடைத்தால் நல்லது. மெல்லுவது கன்னத்துச் சுரப்பியைக் கொஞ்சம் தட்டி எழுப்பும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்காமல், வாயில் வைத்து நாலு பக்கமும் அலைத்து மெதுவாக விழுங்குங்கள். செயற்கை உமிழ்நீர் என்றே ஜெல், ஸ்பிரே எல்லாம் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. தூங்கும் முன் தடவினால் தண்ணீரைவிட அதிக நேரம் நிற்கும். எலுமிச்சம்பழத்தைச் சப்ப வேண்டாம். எச்சில் ஊறும் என்பது உண்மைதான், ஆனால் அதன் புளிப்பு உங்கள் எனாமலில் மிச்சம் இருப்பதையும் எடுத்துவிடும். எரிச்சல் தரும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் வேண்டாம், இன்னும் காயவைக்கும். எண்ணெய் கொப்பளிப்பது கொஞ்ச நேரம் வழுவழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். பல் தேய்ப்பதற்கு அது ஈடாகாது.

பாக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் காய்கிறது என்று பாக்கு, பான் மசாலா பக்கம் போனவர்களை எனக்குத் தெரியும். பாக்கு எச்சிலை ஊற வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே அறிவித்துவிட்டது. புற்றுநோய் வருவதற்கு முன்னாலேயே கன்னத்தின் உள்பக்கம் கயிறு போல இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வயதுப் பையன்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒரு வறட்சிக்காக அந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள்.

உங்கள் பற்பசை உறையைத் திருப்பிப் பாருங்கள். மூலிகைப் பற்பசை என்று விற்பவற்றில் பல, எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு இல்லாதவை. சாதாரண வாய்க்கு அதைப் பற்றி வாதாடலாம், உங்கள் வாய்க்கு வாதமே கிடையாது. 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருப்பதாக வாங்கி, ராத்திரி கடைசி வேலையாகத் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுங்கள். கொப்பளித்தால் வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடு வாஷ்பேசினோடு போய்விடும். கடைசி வேலை என்றால் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குப் பிறகு வாய்க்குள் தண்ணீரையும் அந்த ஜெல்லையும் தவிர எதுவும் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போய் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். பூசுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. வெள்ளைக் கோடு மேற்கொண்டு பழுப்பாகாமல் இருக்க அதுதான் என் முதல் நம்பிக்கை.

பல் டாக்டரிடம் சொல்வது பற்றி. நோயாளி சொன்னதை வெளியே விடாமல் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. முப்பது வருஷத்தில் கஞ்சா, சாராயம், அதற்கு மேலும் எத்தனையோ என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்காக நான் யாருக்கும் போன் போட்டதில்லை. சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் மழுப்பப் போவதில்லை. அதே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், புகைத்ததற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் போடும் வழக்கிலிருந்து விலக்குத் தருவதற்கான பிரிவு அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம்.

சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணம் உங்கள் பாதுகாப்பு. அந்தப் பல்லுக்கு மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். கஞ்சா ஏற்கெனவே இதயத் துடிப்பை ஏற்றி வைத்திருக்கும் நேரத்தில் அட்ரினலினும் சேர்ந்தால் படபடப்பு மோசமாகலாம். ஒருவர் என் நாற்காலியில் ஊசி போட்ட இரண்டாவது நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நாடி 140. அரை மணி நேரம் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, "பயமாக இருந்ததால் வரும்போது கொஞ்சம் இழுத்துவிட்டு வந்தேன் டாக்டர்" என்றார். அதை வாசலிலேயே சொல்லியிருந்தால் வேறு நாள் கொடுத்து அனுப்பியிருப்பேன். நீங்கள் முந்தின நாளும் அன்றும் தொடாமல் போங்கள். தொட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஈறையும் பார்க்கட்டும். நியூசிலாந்தில் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் கஞ்சா அதிகமாகப் புகைத்தவர்களுக்கு 32 வயதிலேயே ஈறு நோய் கூடுதலாக இருந்தது, சிகரெட்டின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும். இங்கே பெரும்பாலும் சிகரெட்டை உதிர்த்து அந்தப் புகையிலையோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். நீங்களும் அப்படியென்றால் புகையிலையின் கணக்கும் சேரும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், வாயின் அடிப்பகுதி மூன்றையும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் காத்திருக்காமல் வாருங்கள்.

நிறுத்துவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 'சனி, ஞாயிறு மட்டும் இருந்தது, இப்போது தினமும்' என்று நீங்களே எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். தூக்கத்துக்காகத்தான் ராத்திரி புகைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விட்டால் முதல் வாரம் எரிச்சல் வரும், பசி குறையும், தூக்கம் கெடும், விசித்திரமான கனவுகள் வரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் சிலருக்கு ஒரு மாதம்கூடப் படுத்தும். இது தெரியாததால்தான் பலர் நாலாவது நாள், 'கஞ்சா இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது' என்று முடிவுகட்டித் திரும்பப் பற்றவைக்கிறார்கள். என் துறை பல். இதற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கான இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. பெயர் சொல்லாமலும் பேசிப் பார்க்கலாம்.

இந்த வாரமே அதே பல் டாக்டரிடம் திரும்பப் போங்கள், புதிதாக ஆள் தேட வேண்டாம். உடைந்த ஓரத்தை இப்போது அடைத்தால் ஒரே நாளில் முடியும். தள்ளிப்போட்டால் நரம்பு வரை இறங்கி வேர் சிகிச்சையில் நிற்கும். சிரிஞ்சில் அளந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பனங்கற்கண்டு டப்பாவை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடமே கொடுத்து, சாயங்காலம் பாலில் போட்டுத் தரச் சொல்லிக் குடியுங்கள்.